நாலு விரல் இடைவெளி

அநியாயம் இழைக்கப்பட்டவள் பெயர் பட்டாணி. வயது மூன்று. வறுத்த வேர்க்கடலை நிறம், இடது காது பாதியில் மடிந்திருக்கும். இழைத்தவர்கள், இந்தக் குளக்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாயோடு நடக்கிற இருபத்திரண்டு பேர். ஆயுதம், ஒரு முழம் மஞ்சள் ரிப்பன். எல்லாம் நோட்டீஸில் போட்டிருக்கிறேன், பாருங்கள் அக்கா. மேலே இருப்பது அவள் படம். கீழே இருப்பது என்னுடைய ஏழு கேள்விகள். நாய் காணவில்லை என்கிற நோட்டீஸில் கேள்வி எதற்கு என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார். நாய் ஏன் காணாமல் போனது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

நீங்கள் இந்தக் கரையைத் தினமும் கூட்டுகிறவர். உங்களுக்குத் தெரியாமல் இங்கே ஒரு எறும்பு நகராது. அதனால்தான் கேட்கிறேன், இவளைப் பார்த்தீர்களா? இருங்கள், உடனே சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் படத்தை அரை நொடி பார்த்துவிட்டு "இல்லீங்க" என்று போய்விடுகிறார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் இந்தப் பெரிய சிமெண்ட் குழாய் மேல் உட்கார்ந்துகொள்கிறேன், கால் தாங்கவில்லை. ஏன் கையை அசைக்கிறீர்கள்? அழுக்கா? பரவாயில்லை அக்கா, மூன்று நாளாக இதே சுடிதார்தான். சாக்கடை வேலைக்கு என்று கொண்டுவந்து போட்ட குழாய், இன்னும் சாக்கடையையே பார்த்திருக்காது.

என் பெயர் மிருதுளா. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருடம். பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்கார வைத்தாலும் ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவள் வளர்த்த நாய்க்கே இந்தக் கதி என்றால், பேசத் தெரியாதவர்கள் வீட்டு நாய்களை நினைத்துப் பாருங்கள்.

முதலிலிருந்து வருகிறேன். பட்டாணிக்கு முதன்முதலில் கழுத்து பெல்ட் வாங்கிப் போட்டவர் அப்பா. கணபதி பக்கம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். சந்தையில் வாங்கிய பெல்ட், அதில் ஒரு குட்டிச் சலங்கை. அவள் நடந்தால் ஜிலுக் ஜிலுக் என்று கேட்கும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் போதும், தலையைத் தூக்காமலே அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. கழுத்தில் கட்டி இழுப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை தெரியுமா? பதினோரு வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஹார்னஸ் என்று ஒன்று இருக்கிறது அக்கா, நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுவது. இழுத்தாலும் பாரம் கழுத்தில் விழாது. இதைச் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். ரசம் ஆறிப்போனது. கடைசியில் "சரி கண்ணு" என்றார். சரி என்றால் ஒப்புக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

அன்றைக்கே சலங்கை பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். ஒருத்தி எங்கே போகிறாள், எங்கே வருகிறாள் என்று ஊருக்கே மணியடித்துச் சொல்வதற்குப் பெயர் பாசம் இல்லை, கண்காணிப்பு.

டவுன்ஹால் பக்கம் சாதிக் பாய் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், நாய்க்கும் பூனைக்கும் வேண்டியதெல்லாம் கிடைக்கும். பட்டாணியை ஆட்டோவில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள், அவ்வளவு நிம்மதி. பாய் டேப் வைத்து நெஞ்சளவு, முதுகளவு எடுத்தார். கோவை வெயிலுக்கு வலைத்துணி நல்லது, நைலான் உரசி அக்குளில் புண்ணாகும், கயிறு ஆறடிக்கு மேல் வேண்டாம், நீண்டு சுருங்குகிற கயிறு கையை அறுத்துவிடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அதுவரைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதைதான். அப்புறம் நடு சைஸை எடுத்து மாட்டி, இறுக்கி, உள்ளே விரலை விட்டுக் காட்டினார்.

"ரெண்டு விரல் நுழைஞ்சாப் போதுங்க. அதுக்கு மேல தளர விட்றாதீங்க. நாட்டு நாய்ங்களுக்குத் தலை சின்னது, நெஞ்சு ஒடுக்கம். பயந்து பின்னாடி இழுத்துச்சுன்னா சட்டையக் கழட்டுற மாதிரி கழட்டிப்போட்டுப் போயிரும். பழைய பெல்ட்டும் கழுத்துல இருக்கட்டும். ரெண்டையும் ஒரு குட்டிக் கொக்கியில சேத்து மாட்டிக்கங்க."

நாட்டு நாய் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று பிடித்துக்கொண்டேன். லேப்ரடாருக்கு ஒரு கட்டு, எங்களுக்கு மட்டும் இரண்டு கட்டா? செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே இரட்டைத் தண்டனையா? கால்மணி நேரம் பேசினேன். கடையில் வண்ண மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். பாய் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஜெயிக்க வரலைம்மா, யாவாரம் பண்ண வந்தேன்." கொக்கியைச் சும்மாவே பையில் போட்டார். சும்மா கொடுப்பதை வாங்கினால் கருத்தையும் சேர்த்து வாங்கியதாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்தேன். பெரிய சைஸ்தான் வாங்கினேன். இரண்டு விரலுக்குப் பதில் நாலு விரல் இடைவெளி விட்டேன். சுதந்திரம் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்?

என்ன அக்கா, என் காலையே பார்க்கிறீர்கள்? ஓ, குதிகாலால் குழாயைத் தட்டுகிறேனா? பேசும்போது அப்படித்தான், மேடையிலும் மேசையைத் தட்டுவேன்.

இந்த ஞாயிறு நடைக் குழுவைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், நான் ஒருதலைப்பட்சமானவள் இல்லை. காலை ஆறரைக்கு இருபது நாய் வரிசையாகக் கரையில் நடப்பதைப் பார்க்க வேண்டுமே. வாக்கிங் வருகிற தாத்தாக்களெல்லாம் ஓரமாக நின்று கும்பிடாத குறை. ஒரு சுற்று முடிந்ததும் அந்தப் புங்கமரத்தடியில் விளையாட்டு, அப்புறம் தொட்டித் தண்ணீர், ராகி உருண்டை. எனக்குக் காலேஜில்கூட அவ்வளவு சிநேகிதர்கள் கிடையாது. என்னோடு பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். இங்கே நாயைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கேட்டார்கள். ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன் அக்கா, அதுதான் உண்மை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

குழுவின் தலைவி எஸ்தர் மேடம். ஏதோ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும், ஊதி நான் கேட்டதில்லை. முதல் நாள் நான் வணக்கம் சொன்னேன். பத்தடி தள்ளியே மண்ணில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டாணியை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை, ஐந்து நிமிடம். இப்படி ஒரு அவமரியாதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பட்டாணியோ பாவம், உற்சாகத்தில் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றாள். வாலை அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு அவ்வளவு அடக்கம். அப்புறம் மேடம் எழுந்து வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், மஞ்சள் கட்டிவிடலாம் என்று.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது அக்கா. கயிற்றில் பச்சை ரிப்பன் கட்டினால் அந்த நாயோடு மற்ற நாய்கள் வந்து விளையாடலாம். மஞ்சள் கட்டினால் தள்ளிப் போக வேண்டும். வந்திருந்த லேப்ரடார், பொமரேனியன், பக் எல்லோருக்கும் பச்சை. தெருவில் மணல்மேட்டில் பிறந்த என் பட்டாணிக்கு மட்டும் மஞ்சள். விசாரணை உண்டா? சாட்சி உண்டா? ஒரு உயிரின் மேல் துணியைக் கட்டி, தள்ளி நில் என்று சொல்வது இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிற தலைப்பே அதுதான். உங்களுக்குக் கூட நான் விளக்கிச் சொல்லுவேன், நேரம் இருந்தால்.

இதையெல்லாம் கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அவளைத் தள்ளி நிக்கச் சொல்லலைம்மா. மத்தவங்களைத் தள்ளி நிக்கச் சொல்றோம். அவ கொஞ்சம் மூச்சு விடட்டும்." பாருங்கள், எவ்வளவு நாசூக்காக.

அன்று பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு ஒரு விளையாட்டு. நாயை ஒருவர் பிடித்துக்கொள்ள, வளர்க்கிறவர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒரே ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் தேடி வர வேண்டும். எல்லா நாயும் வந்தது. நான் பதினோரு முறை கூப்பிட்டேன். விதியை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். பட்டாணி என்ன செய்தாள் தெரியுமா? நேராகப் போய் எஸ்தர் மேடத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாள் கூப்பிடவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் நிச்சயம் பிஸ்கட் இருந்திருக்கும். இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். பிஸ்கட் இல்லாமல் என் நாய் இன்னொருத்தர் காலடிக்குப் போகுமா?

அந்த வாரம் முழுக்கத் தயாரித்தேன். மூன்றாவது ஞாயிறு நானே ஒரு பச்சை ரிப்பன் வாங்கிக்கொண்டு போய், புங்கமரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி வைத்து இருபத்தைந்து நிமிடம் பேசினேன். என் வாழ்நாளின் சிறந்த பேச்சு அதுதான். ஒருவர் எதிர்த்து வாய் திறக்கவில்லை. நாய்கள்கூட படுத்துவிட்டன. எஸ்தர் மேடம் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்க நாய், உங்க முடிவும்மா" என்றார். ஜெயித்தேன். என் கையாலேயே மஞ்சளை அவிழ்த்துப் பச்சையைக் கட்டினேன்.

அந்தத் தட்டில் சோறு யார் வைத்தது அக்கா, குழாய் வாயில்? தயிர்ச்சோறா? காக்காய்க்கா? உள்ளே ஏதோ சுரண்டுகிற மாதிரி இருக்கிறதே. பெருச்சாளியாகத்தான் இருக்கும். இருங்கள், இருங்கள், இதோ முடித்துவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்குக் கோர்வை போய்விடும்.

நாலாவது ஞாயிறு. அதாவது போன ஞாயிறு. நடை தொடங்கி ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு பல் டாக்டர் வருவார், அவரிடம் கிரேட் டேன் ஒன்று, அப்பு என்று பெயர். பெயருக்கேற்ற யானைதான். கன்றுக்குட்டி உயரம். அவர் பச்சை ரிப்பனைப் பார்த்தார், சிரித்தார், கயிற்றைத் தளர்த்தினார். அப்பு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. பட்டாணி ஒரு சத்தம் போடவில்லை. பின்னால் போனாள். இன்னும் பின்னால். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன், பயப்படாதே, பயப்படாதே என்று உரக்கச் சொன்னேன். தலையைக் கீழே குனிந்தாள், முன்னங்கால் இரண்டும் காதோரம் வந்தது. அவ்வளவுதான். ஹார்னஸ் என் கையில் இருந்தது. கொக்கி போட்டபடி, நாடா இறுக்கியபடி, நாலு விரல் இடைவெளியோடு. உள்ளே ஆள் இல்லை.

ஓடினேன். விழுந்ததில் மூக்குக்கண்ணாடி உடைந்தது, இன்னும் மாற்றவில்லை. பத்தடிக்கு அப்பால் எனக்கு எல்லாமே புகைதான். இருபத்திரண்டு பேரும் ஓடி வரப் பார்த்தார்கள், எஸ்தர் மேடம் கையை விரித்துத் தடுத்துவிட்டார். யாரும் துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், அப்படியே உட்காருங்கள் என்றார். உட்காருங்களாம். ஒரு குழந்தை ஓடுகிறது, உட்காருங்களாம். இருபத்திரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள் அக்கா, தியானம் பண்ணுகிறவர்கள் மாதிரி. நான் ஒருத்திதான் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல் டாக்டரிடம் கேட்டேன். "பச்சையப் பார்த்தேங்க, அதான் விட்டேன்" என்றார். பச்சை கட்டினால் கேட்காமல் வரலாமா? ரிப்பன் சம்மதமாகுமா? இது என் மூன்றாவது கேள்வி, நோட்டீஸில் இருக்கிறது.

அன்று மதியமே ஏழு கேள்விகளையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுத்தில், பொதுவில் பதில் வேண்டும் என்றேன். எஸ்தர் மேடம் உடனே போன் செய்தார். போனில் பேசி மழுப்புகிற வேலை வேண்டாம் என்று எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார், மறுபடியும், ஆறு முறை. அந்த எண்ணை ப்ளாக் செய்தேன். கண்டனம் தெரிவித்துக் குழுவிலிருந்தும் வெளியேறினேன். இன்றைக்குப் புதன்கிழமை. ஒரு பதில் வரவில்லை. எப்படிப்பட்ட மனிதர்கள் பார்த்தீர்களா?

நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா. இந்தக் குளத்தை மூன்று நாளில் முப்பது சுற்றாவது சுற்றியிருப்பேன். இந்தக் குழாய் ஒவ்வொன்றிலும் ஞாயிறு மதியம் வாயை வைத்துக் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. நேற்று அந்தக் கரையிலிருந்து ஒரு மணி நேரம் கத்தினேன், குரல் போய்விட்டது, கேட்கிறதல்லவா, தகரம் மாதிரி. செமஸ்டர் பரீட்சை ஒன்று போயிற்று. அதோ அந்தப் படியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, தூண்டில்காரர், தினமும் வந்து அசையாமல் உட்காருகிறார். நேற்று அவரிடம், நாயைப் பார்த்தீர்களா என்று இங்கிருந்தே கத்திக் கேட்டேன். கையை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். மீன் ஓடிவிடுமாம். எனக்கு உயிர் போகிறது, அவருக்கு மீன்.

திங்கட்கிழமை ஒருவர் போன் செய்தார். பைபாஸில் அடிபட்டுக் கிடக்கிறது, நீங்கள் சொன்ன நிறம்தான் என்றார். அப்பாவும் நானும் போனோம். முகம் அந்தப் பக்கம் இருந்தது. அப்பாதான் குனிந்து, இரண்டு கையாலும் திருப்பினார். இரண்டு காதும் நிமிர்ந்திருந்தது. அவள் இல்லை. நான் சிரித்தேன் அக்கா. நடுரோட்டில் நின்று சிரித்தேன். அப்பா அந்த நாயை ஓரமாக இழுத்துப் போட்டு, தன் துண்டை எடுத்து மூடினார். அதுவும் யாரோ தேடுகிற நாயாக இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வருகிற வழியிலாவது அப்பா ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் பதில் வைத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

இன்று காலையில் கிளம்பும்போது என் பையில் இதை வைத்திருக்கிறார். பாருங்கள், அந்தச் சலங்கை பெல்ட். கழுவி, துடைத்து. எதற்கென்று சொல்லவில்லை.

என்னிடம் ஏழு கேள்வி இருக்கிறது என்றேன். எட்டாவது ஒன்று இருக்கிறது, அதை நோட்டீஸில் போடவில்லை. நான்தானே கூப்பிட்டேன்? மணல்மேட்டிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவள் நான். மூன்று வருடம் அவளிடம் பேசாத நாள் கிடையாது. பாடமெல்லாம் அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பேன், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கேட்பாள். என் குரல் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் ஓடினாள்? அப்புவைப் பார்த்து ஓடினாள் என்றால் பத்தடியில் நின்றிருக்க வேண்டுமே. அப்பு வரவில்லையே, நான்தானே பின்னால் போனேன்?

எனக்கு வாதம் ஒன்றும் வரவில்லை அக்கா. முதல் தடவையாக வரவில்லை. நீங்களாவது சொல்லுங்கள். அவள் இருக்கிறாளா இல்லையா, அதை மட்டுமாவது சொல்லுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

"அம்மிணி, இந்தா, ஏம் மூஞ்சியப் பார்த்துட்டு மெதுவாக் கேளுங்க. நீங்க உக்காந்திருக்கற கொழாய்க்குள்ளதான் உங்க நாயி இருக்குது. கத்திராதீங்க. ஞாயித்துக்கெழமை பொழுது சாயறப்ப வந்து பூந்துக்கிச்சு. அங்க தொப்பி போட்டிருக்கறவங்க மீன் புடிக்கறவங்க இல்லீங், விசில் டீச்சரம்மா. தெனமும் சோறு வெச்சுப்போட்டு அங்க போயி அசையாம உக்காந்துக்குவாங்க. நேத்து தலைய வெளிய நீட்டுச்சு. அந்நேரம் பார்த்து நீங்க அக்கரையில நின்னு பட்டாணி பட்டாணின்னு கூப்பாடு போட்டீங்க, உள்ள போயிருச்சு. சொன்னாக் குனிஞ்சு கத்துவீங்கன்னுதான் நானும் இத்தன நேரம் வாயத் தொறக்கல. அந்தச் சலங்கையச் சத்தம் வராம இப்படிக் குடுங்க, நான் ஆட்டுறேன். குடுத்துப்போட்டு மெல்ல எறங்கி, ஏம் பக்கத்துல வந்து, பேசாம உக்காரு கண்ணு."